துருசு பழுதான குளம்: இளவயது மறதிநோயும் அன்பும்

இலங்கையின் வன்னியில், எங்கள் பக்கத்தில் வயதான ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், "அவருக்கு அறளை பேர்ந்திட்டுது" என்பார்கள். அதில் கோபம் இருக்காது. எண்பது வயதில் அப்படித்தான் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டு, அவருக்குத் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அதே மறதி 48 வயதுப் பெண்ணுக்கு வந்தால் ஊரிடம் அதற்குச் சொல் இல்லை. அதனால் வேறு சொற்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. விசர் என்பார்கள், யோசினை கூடிப்போச்சு என்பார்கள், செய்வினை என்பார்கள், புருசனோடு ஏதோ பிரச்சினை என்பார்கள்.

என் பெரியம்மாவின் மகளுக்கு, நான் அக்கா என்று கூப்பிடுபவருக்கு, இதுதான் நடந்தது. முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே அத்தானின் வயல். விறாந்தையில் அக்காவின் தையல் மெசின். ஒரு தை மாதம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளுக்குத் துணி வெட்டியபோது இரண்டு கையையும் இடக்கையாகவே வெட்டிவிட்டார். அடுத்த கிழமையும் அப்படியே. முப்பது வருடம் தைத்த கை அது. கண்ணாடியை மாற்றினோம். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தோம். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, இது ஒரு நோய் என்று தெரியவர இரண்டரை வருடம் போய்விட்டது. வாசிக்கும் யாருக்காவது அந்த இரண்டரை வருடம் மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காய்ச்சல் என்பது ஒரு நோயின் பெயரல்ல

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் வைத்தியர் அந்தச் சொல்லோடு விட்டுவிடமாட்டார். டெங்குவா, எலிக்காய்ச்சலா, வெறும் தடிமனா என்று தேடுவார். மலேரியாவோடு பல தலைமுறை வாழ்ந்த வன்னிக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மறதிநோயும் காய்ச்சலைப் போல ஒரு பொதுப்பெயர்தான். ஞாபகம், பேச்சு, கணக்கு, திட்டமிடல், குணம் ஆகியவற்றில் சில, அன்றாட வேலையைத் தனியே செய்யமுடியாத அளவுக்குத் தேய்ந்துகொண்டே போவதுதான் மறதிநோய். வைத்தியர்கள் டிமென்சியா என்பார்கள். அதற்குக் காரணமான நோய்கள் பல. பெரியது அல்சைமர் நோய். 100 பேரில் 60 முதல் 70 பேருக்கு அதுதான் காரணம். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அடைபட்டு வருவது இன்னொன்று. நெற்றிக்கும் காதோரத்துக்கும் பின்னால் உள்ள மூளைப்பகுதி சுருங்குவதால் வருவது வேறொன்று.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதிநோயோடு வாழ்ந்தார்கள். அறிகுறிகள் 65 வயதுக்கு முன்பே தொடங்கினால் அது இளவயது மறதிநோய். 100 நோயாளிகளில் 9 பேர் வரை இந்த வகை. 65 என்பது உடம்பு போட்ட எல்லை அல்ல, ஓய்வுபெறும் வயதை ஒட்டி மனிதர்கள் போட்ட கோடு. தமிழில் பலர் எழுதும் "முதுமறதி" என்ற சொல் எனக்குப் பிடிக்காததற்கும் இதுதான் காரணம். முதுமை வரவில்லை, ஆகவே இது அதுவல்ல என்று எங்களையே நாங்கள் சமாதானப்படுத்திக்கொள்ள அந்தச் சொல் இடம் கொடுக்கிறது.

உண்மையில் அல்சைமர் நோய் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே வயதாகாத ஒருவரிடம். 1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநோய் வைத்தியசாலையில் அவுகுஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். அலோய்ஸ் அல்சைமர் என்ற வைத்தியர் அவரோடு கதைத்ததைக் குறித்துவைத்தார். உங்கள் பெயர் என்ன? அவுகுஸ்தே. கணவர் பெயர்? அவுகுஸ்தே என்றுதான் நினைக்கிறேன். 1906இல் அவர் இறந்தபின் அவருடைய மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, அல்சைமர் தான் கண்டதை அந்த வருடமே மற்ற வைத்தியர்களுக்கு விவரித்தார். 1910இல் நோய்க்கு அவர் பெயர் வந்தது.

மறதி இல்லாமலும் மறதிநோய் தொடங்கும்

அவுகுஸ்தேயிடம் முதலில் தெரிந்த மாற்றம் மறதி அல்ல. கணவர் மேல் வந்த சந்தேகம். இந்த ஒரு தகவல் எத்தனை வீடுகளில் எத்தனை சண்டையை நிறுத்தியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இளவயதில் தொடங்கும்போது நோய் ஞாபகத்தைத் தொடாமல் வேறு வாசலால் நுழைவது வயதானவர்களை விட அதிகம். மோட்டார்சைக்கிள் ஓடுபவருக்குத் தூரம் பிடிபடாமல் போகும். கண் நன்றாக இருக்கும், கண் கண்டதை மூளை சேர்த்துப் பார்க்காது. கடைக்காரருக்கு மிச்சக்காசு பிசகும். நன்றாகக் கதைப்பவர் "அது, அந்தச் சாமான்" என்று சொல் தேடத் தொடங்குவார். அமைதியான ஒருவர் கோயில் வீதியில் கூடாத வார்த்தை சொல்வார், அழவேண்டிய இடத்தில் அழமாட்டார். அவரைக் குடிகாரர் என்பார்கள், திமிர் பிடித்தவர் என்பார்கள். வயதும் அறுபது ஆகவில்லை, உடம்பும் திடமாக இருக்கிறது என்றால் யார்தான் நோய் என்று நினைப்பார்கள்? அக்காவின் இரண்டு இடக்கைகளும் இப்படியான ஒரு வாசல்தான்.

இதுவரை சொன்னதைச் சேர்த்தால்: மறதிநோய் பல நோய்களுக்கான பொதுப்பெயர், 65க்கு முன்பும் வரும், குணமோ, கண் கண்டதை விளங்கிக்கொள்வதோ, பேச்சோ முதலில் மாறலாம்.

எல்லா மறதியும் இது அல்ல

இதை வாசித்துவிட்டு, கைபேசியை எங்கே வைத்தேன் என்று தேடுகிறவர்கள் பயப்படவேண்டாம். சாவியை மறப்பது மறதி. சாவி எதற்கு என்பதை மறப்பதுதான் கவலைப்படவேண்டியது.

எங்கள் மண்ணில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து, பிறகு செட்டிகுளம் முகாம்களில் இருந்து, வெறும் காணிக்குத் திரும்பி வந்த மக்கள் நாங்கள். நித்திரை கெட்ட மனதில் ஞாபகம் நிற்காது. மனச்சோர்வும் போரின் அதிர்ச்சியும் மறதிநோயைப் போலவே வேடம் போடும். ஆனால் அவை வைத்தியத்துக்குக் கட்டுப்படும். பி12 விற்றமின் குறைவும், தைரொயிட் சுரப்பி மந்தமாவதும், விழுந்து தலையில் அடிபட்டு மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் மெதுவாக இரத்தம் கசிவதும் அப்படித்தான். இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் இவற்றைக் காட்டிக்கொடுக்கும். "போரில பட்ட பாடு, அதுதான்" என்று சொல்லி வீட்டில் வைத்திருப்பது இரண்டு வகையில் தவறு. மனச்சோர்வாக இருந்தால் மாறக்கூடியதை மாறவிடாமல் செய்கிறோம். மறதிநோயாக இருந்தால் காணி உறுதி, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு பற்றி அவரே முடிவு சொல்லக்கூடிய காலத்தை வீணாக்குகிறோம். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் எதுவாக இருந்தாலும் மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக்கில் தொடங்கலாம். மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தால் அதை அவமானமாக எடுக்கவேண்டாம்.

பரம்பரைப் பயத்துக்கும் ஒரு பதில் வேண்டும். மகளுக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் நோயை ஒளிப்பதற்கு இந்தப் பயமே காரணம். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்போடு இறங்கக்கூடிய அல்சைமர் உண்டு. மூன்று மரபணுக்களில் ஏதாவது ஒன்றில் உள்ள பிழையால் அது வருகிறது. ஆனால் அது மிக அரிது. அந்தக் குடும்பங்களில் தலைமுறைக்குத் தலைமுறை முப்பது, நாற்பது, ஐம்பது வயதுகளிலேயே நோய் தெரிந்துவிடும். இளவயதில் அல்சைமர் வந்தவர்களிலும் பெரும்பாலானோருக்கு இந்தப் பிழை கிடையாது.

குளம், துருசு, வயல்

சரி, மூளைக்குள் நடப்பது என்ன? வன்னியில் இதை விளக்கக் குளத்தை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

குளத்தில் தண்ணீர் நிற்கிறது. துருசை, அதாவது மதகைத் திறந்தால் வாய்க்கால் வழியே வயலுக்குப் போகிறது. வயலில் ஊறிய தண்ணீர்தான் பயிருக்கு உதவும். இப்போது கண்முன் நடப்பதைக் குளத்துத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்டகால ஞாபகம்தான் வயல். நடுவில் இருக்கும் துருசு, ஹிப்போகாம்பஸ் என்ற சிறிய மூளைப்பகுதி. காதுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கின்றன. அல்சைமர் நோய் வழக்கமாக இந்தப் பகுதியையும் அதன் அயலையும் முதலில் தாக்கும்.

துருசு இறுகிவிட்டால் என்ன ஆகும்? குளம் நிறைய இருக்கும். உங்களோடு கதைக்கும்போது அவருக்கு எல்லாம் விளங்கும், சிரிப்பார், பதில் சொல்வார். ஆனால் அது வயலுக்குப் போய்ச் சேராது. பத்து நிமிடத்தில் அதையே மறுபடி கேட்பார். முந்திய போகங்களில் ஊறிய ஈரமோ இன்னும் இருக்கும். அதனால்தான் காலையில் சாப்பிட்டதைச் சொல்லமுடியாதவர், 1990களில் ஒரு மழைநாளில் ஒட்டுசுட்டானில் பஸ்ஸுக்கு நின்றதை நேற்று நடந்ததுபோலச் சொல்வார். இதைப் பார்த்துத்தான், "பழசெல்லாம் ஞாபகம் இருக்கு, எனக்கு முன்னால மட்டும் நடிக்கிறா" என்று சொந்தக்காரர்கள் வாய் கூசாமல் சொல்கிறார்கள். நடிப்பு எதுவும் இல்லை. இரண்டும் வேறு வேறு இடத்துத் தண்ணீர்.

துருசு ஏன் பழுதாகிறது என்றால், இரண்டு புரதங்கள். அமிலாய்ட் என்பது நரம்புக் கலங்களுக்கு வெளியே, வாய்க்காலில் சல்வீனியா நீர்க்களை அடைப்பதுபோலக் கட்டிகட்டியாகச் சேர்கிறது. டௌ என்பது கலத்துக்கு உள்ளே இருப்பது. கலத்தின் உள்வழிகளைத் தாங்கிப்பிடிக்கும் வரம்பு அது. அந்த வரம்பு குலைந்து சிக்கலாகிவிடும். கலங்கள் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்தி, பிறகு இறந்துபோகின்றன. அறிகுறி தெரிவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இது தொடங்கிவிடும். இப்போதுள்ள மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் தெளிவைத் தரும். இறந்த கலத்தைத் திருப்பித் தராது.

குளத்துக்குக் கீழே உள்ள கிணறு

நான் இந்தக் கட்டுரையைத் தொடங்கியதே இந்தப் பகுதியைச் சொல்லத்தான்.

குளக்கட்டுக்குக் கீழே உள்ள கிணறுகளைப் பார்த்திருப்பீர்கள். துருசு பூட்டியிருக்கும், வாய்க்கால் காய்ந்திருக்கும், கிணற்றில் மட்டும் தண்ணீர் நிற்கும். நிலத்தடியால் கசிந்து வந்தது அது. யாரும் திறந்துவிடவில்லை.

மூளையிலும் அப்படி ஒரு கசிவு இருக்கிறது. நடந்தது என்ன என்பது ஒரு வழியால் பதியும். அது பயமா, ஆறுதலா என்பது வேறு வழியாலும் பதியும். இந்த இரண்டாவது வேலையில் முக்கிய பங்கு அமிக்டலா என்ற பகுதிக்கு. ஹிப்போகாம்பஸின் முன்னால் ஒட்டியபடி இருப்பது. சுவிட்சர்லாந்தில் எடுவார் கிளப்பரேட் என்ற வைத்தியர் 1911இல் எழுதிய சம்பவம் ஒன்று உண்டு. எதுவும் ஞாபகம் நிற்காத ஒரு பெண்ணுக்குக் கைகொடுக்கும்போது விரலிடுக்கில் ஊசியை ஒளித்துவைத்துக் குத்தினார். கொடுமையான சோதனைதான். பிறகு அவர் கைநீட்டியபோது அந்தப் பெண் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை. குத்தியது மறந்துவிட்டது, குத்தலின் பயம் தங்கிவிட்டது.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னும் நெருக்கமானது. அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியானவற்றையும் காட்டினார்கள். சில நிமிடங்களில் படத்தில் என்ன பார்த்தோம் என்பது பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் அந்தச் சோகமும் மகிழ்ச்சியும் அரை மணிநேரம் கழித்துக் கேட்டபோதும் அவர்களிடம் இருந்தன. படத்தைக் குறைவாக ஞாபகம் வைத்திருந்தவர்களிடம் சோகம் கூடுதலான நேரம் தங்கியது. யோசித்துப் பாருங்கள். எனக்கு ஏன் மனம் கனக்கிறது என்று தெரிந்தால் அதை ஆற்றிக்கொள்ள வழி தேடுவேன். காரணம் தெரியாத கனத்தை என்ன செய்வது?

நோய் முற்றும்போது அமிக்டலாவும் பாதிக்கப்படும், அதை மறைத்துச் சொல்லக்கூடாது. ஆனாலும் பெயர் போய் வெகுகாலத்துக்குப் பின்பும் குரலின் தொனியும் தொடுகையும் அவர்களிடம் போய்ச் சேருகின்றன. ஆகவே "நான் ஆர் எண்டு சொல்லு பாப்பம்" என்று பரீட்சை வைப்பதை விட்டுவிடுங்கள். தெரியாத கேள்வி, எதிரில் நிற்பவரின் முகம் சுருங்குவது, இரண்டும் அவருக்கு ஊசிக்குத்து. பிறகு உங்களைக் கண்டாலே கையை இழுத்துக்கொள்வார். "இஞ்சேர், நான்தான், வந்திட்டன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

சுருக்கமாக: ஆளின் பெயரும் ஆள் தரும் ஆறுதலும் மூளையில் ஒரே இடத்தில் இல்லை. முதலாவது போனதால் இரண்டாவதும் போய்விட்டது என்று எண்ணத் தேவையில்லை.

இருந்தும் இல்லாதவர்

கணவனுக்கோ மனைவிக்கோ இதற்குள் நடப்பதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. ஐம்பது வயதில் துணையைக் குளிக்கவார்த்து, ஊட்டி, இரவில் படலையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுக்கிற ஒருவருக்குத் துக்கம் இருக்கிறது. ஆனால் செத்தவீடு நடக்கவில்லை, எட்டுச்செலவு இல்லை. அந்தத் துக்கத்தைக் கேட்க யாரும் வரப்போவதில்லை.

போலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் முடிவு தெரியாத இழப்பு என்று சொல்லலாம். வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களோடு வேலைசெய்தவர் அவர். இழப்பு இரண்டு விதம் என்கிறார். உடல் இல்லை, ஆனால் மனதில் ஆள் இருக்கிறார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் இருப்பது இது. மற்றது, உடல் கண்முன் இருக்கிறது, ஆள் மெதுமெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறார். மறதிநோய் உள்ள வீடுகளில் இருப்பது.

இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் போராட்டமாக உட்கார்ந்த நாளிலிருந்து முதல் வகை இழப்பு எது என்று வன்னிக்குத் தெரியும். படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பவரிடம் "இனி மறந்திட்டு வேலையைப் பாருங்கோ" என்று சொல்லக்கூடாது என்றும் தெரியும். அத்தானிடமும் அதைச் சொல்லக்கூடாது. அந்தத் தாய்மாரிடம் காட்டத் தெரிந்த பொறுமையை மறதிநோய் வீட்டின் படலையடியிலும் காட்டலாம். ஒரு மத்தியானம் வந்து இரண்டு மணிநேரம் பார்த்துக்கொண்டால் போதும். அந்த மனுசன் நித்திரை கொள்ளட்டும்.

இல்லத்தில் ஒரு காதல்

கனடாவில் இருக்கும் உறவினர்கள், ஏதாவது இல்லத்தில் விடுங்கள் என்கிறார்கள். இங்கே அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், ஏனென்றால் இல்லம் என்ற சொல் எங்களுக்குக் கைவிடுவதைக் குறிக்கிறது. அவர்கள் சொல்வது வேறொன்று. உதவியோடு வாழும் இல்லம் என்பது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் இடைப்பட்டது. தனக்கென்று ஓர் அறை, தன் கட்டில், தன் படங்கள். குளிப்பு, மருந்து, சாப்பாட்டுக்கு மட்டும் ஆள் உதவி. இளவயதுக்காரருக்கு அங்கேயும் சிக்கல் உண்டு, பக்கத்து அறைகளில் எல்லாரும் தன்னைவிட முப்பது வயது மூத்தவர்கள். எங்கள் நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் 60 வயதானவர்களைத்தான் முதியோர் என்கிறது. அக்காவுக்கு 51. சட்டத்தின் சொல்லுக்குள்ளும் அவர் இல்லை.

அப்படி ஓர் இல்லத்தில் அன்பு எப்படி இருக்கும் என்பதற்கு உலகறிந்த ஒரு வீட்டுக் கதை இருக்கிறது. சாண்ட்ரா டே ஓ'கானர், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. கணவர் ஜோன் அல்சைமர் நோயாளி. அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் 2006இல் பதவியை விட்டார். பிறகு பராமரிப்பு இல்லத்தில் ஜோன் அங்கேயே இருந்த ஒரு பெண்ணை விரும்பத் தொடங்கினார். மகன் 2007இல் தொலைக்காட்சியில் இதை வெளிப்படையாகச் சொன்னார். அப்பா நிம்மதியாக இருக்கிறார் என்பதில் அம்மாவுக்கு மகிழ்ச்சி என்றார். அம்மா தொடர்ந்து பார்க்கப் போய்வந்தார். 2018இல் அவரே தனக்கும் மறதிநோய் தொடங்கிவிட்டதென்று அறிவித்தார்.

எங்கள் ஊரில் இதைச் சொன்னபோது ஒரு மாமி முகத்தைச் சுளித்தார். நான் அவரைக் குறைசொல்லமாட்டேன். ஆனால் ஜோன் மனைவிக்குத் துரோகம் செய்யவில்லை. துரோகத்துக்கு இரண்டு பேரையும் ஞாபகம் வேண்டும். அவரிடம் மிஞ்சியிருந்தது, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் மனம் ஆறும் என்ற கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான்.

"வீட்டை போகவேணும்"

மறதிநோயாளிகள் உலகம் முழுதும் கேட்பது இதுதான். பின்னேரமானால் வீட்டுக்குப் போகவேண்டும் என்பார்கள், சொந்த வீட்டில் இருந்துகொண்டே. அக்கா கேட்பது 2009இல் இடிந்த வீட்டை. அந்த வீடு இல்லை என்று ஒருநாள் உண்மையைச் சொன்னோம். அன்றைக்குத்தான் இடிந்ததுபோல அழுதார். அடுத்த நாளும் கேட்டார், அடுத்த நாளும் முதல்முறையாக இழந்தார். அதற்குப் பிறகு நாங்கள் அதைச் சொல்வதில்லை. "அந்த வீட்டு முத்தத்தில என்ன மரம் நிண்டது?" என்று கேட்போம். விளாட்டு மாமரம் என்று தொடங்கி அரை மணிநேரம் சொல்வார். வீட்டைக் கேட்பவர் பெரும்பாலும் கேட்பது பாதுகாப்பை.

கிணற்றுக்குக் கட்டு உயர்த்தியிருக்கிறோம். காட்டுப்பக்கப் படலைக்குப் பூட்டு. அடுப்படியில் தனியே விடுவதில்லை. ஆனால் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியைக் கையில் கொடுத்தால் கை தானாக மாவை அள்ளிப் போடும், தேங்காய்ப்பூவைத் தூவும். பழகிய வேலையின் ஞாபகம் வேறொரு இடத்தில் இருப்பதால் அது பிந்தித்தான் போகும்.

அத்தான் வயலால் வரும்போது சைக்கிள் மணியைப் படலையடியிலேயே அடிப்பார். அக்கா விறாந்தைக் கட்டின்மேல் கிடக்கும் துணித்துண்டுகளை ஒதுக்கி இடம் விடுவார். அவர் யாரென்று அக்காவுக்குத் தெரியாது. ஆனால் வேறு யார் வந்தாலும் அந்த இடத்தை விடுவதில்லை.

"நீங்கள் எவடம்?"

"முத்தையன்கட்டு."

"தூரத்தில இருந்து வாறியள். இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."